நாற்று, அடியுரம், மூடாக்கு: சின்ன இடத்தில் கீரை போடும் தாய்மார்களுக்கு



கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வருகிற எல்லாரிடமும் நாங்கள் தவறாமல் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு. "தினம் கீரை சேர்த்துக்கோங்க." நானும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் மட்டும் தலையாட்டவில்லை. அவளுக்கு ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும்.

"வேலை முடிஞ்சு சாயங்காலம் கடைக்குப் போனா வாடின கட்டுதாம்மா கெடைக்குது. நாமளே மாடியில போடலாம்னு விதை பாக்கெட் வாங்கினேன். நாற்றங்கால், அடியுரம், மேலுரம்னு என்னென்னமோ போட்டிருக்கு. நமக்கு என்ன வயக்காடா இருக்கு? பாக்கெட்டைப் பரண்ல போட்டுட்டேன்" என்றாள்.

நாலு வார்த்தை புரியாமல் ஒரு பாக்கெட் விதை பரணுக்குப் போய்விட்டது. அந்த வார்த்தைகளைப் பரணிலிருந்து இறக்கி வைக்கத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். மாடி, பால்கனி, துவைகல் பக்கத்து நாலடி இடம், இவ்வளவுதான் இருக்கிறது என்பவர்களுக்காக எழுதியது. நிலம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, கண்ணின் கீழ் இமைக்குள் வெளுப்பு, இவையெல்லாம் அதன் அடையாளம். பிரசவத்தின்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது. எங்களுக்குப் பயமே அதுதான்.

கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 8 கிராம் உள்ள பெண் கீரை மட்டும் தின்று 11க்கு வந்துவிட முடியாது. கர்ப்ப காலத்தில் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். "வீட்ல கீரை இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரை குறையைச் சரிசெய்யும். மாத்திரை நின்ற பிறகும் வீட்டில் எல்லாருக்கும் நல்ல சாப்பாடு வேண்டுமே, அதற்குத்தான் கீரைத் தொட்டி.

இனி வார்த்தைகளுக்கு வருவோம்.

தொட்டிக்குள் போவது என்ன?

தொட்டி என்றால் கடையில் விற்கிற மண்தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. விரிசல் விட்ட பக்கெட், பழைய குடம், அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கு, சமையல் எண்ணெய் டின் எல்லாம் தொட்டிதான். பெயிண்ட் டப்பாவும் பூச்சிமருந்து வந்த டப்பாவும் மட்டும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். கீரைக்கு அரை அடி ஆழம் தாராளம். தக்காளி, கத்தரிக்கு ஓர் அடி வேண்டும்.

வடிகால் துளை என்பது தொட்டியின் அடியில் போடுகிற ஓட்டை. அதிகப்படித் தண்ணீர் அது வழியே வெளியே போகும். நான் முதன்முதலில் போட்ட தக்காளிச் செடியை ஓட்டை போடாத வாளியில்தான் வைத்தேன். பத்து நாளில் இலை மஞ்சளாகத் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகி நாற்றம்! வேருக்கும் காற்று வேண்டும், தேங்கிய தண்ணீரில் அது மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சுண்டுவிரல் அளவில் மூன்று நாலு துளை போட்டு, மேலே உடைந்த ஓட்டுச் சில்லை வையுங்கள். தண்ணீர் போகும், மண் போகாது.

மண்கலவை என்றால் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. சட்டியால் அளந்து கலந்தால் போதும். மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் மணலுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவைச் சேர்த்தால் பாரம் குறையும். ஈரமான மண் ஒரு கன அடி நாற்பது கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டியை மாடியின் நடுவில் குவித்து வைக்காதீர்கள், சுவர் ஓரமாகப் பிரித்து வையுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பின்னால் வருகிற சண்டையை விட இது மேல்.

மக்கிய எரு: இந்த "மக்கிய" என்ற சொல்லைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பச்சைச் சாணியை அப்படியே போட்டால் அது அழுகும்போது வெளிவரும் சூடு வேரைக் கருக்கிவிடும். அதோடு சாணியில் உள்ள கிருமி கீரைக்கும், கீரையிலிருந்து கைக்கும், கையிலிருந்து குழந்தையின் வாய்க்கும் போகும். மக்கியதா என்று பார்ப்பது சுலபம். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும், நிறம் கறுப்பாக இருக்க வேண்டும், மோந்து பார்த்தால் முதல் மழை பெய்த மண் மாதிரி மணக்க வேண்டும். சாணி வாசனை அடித்தால் இன்னும் ஆகவில்லை. தொழுஉரம், மண்புழு உரம், வீட்டுக் காய்கறித் தோலில் செய்த மக்கு உரம் எதுவானாலும் இதே சோதனைதான்.

அடியுரம் என்றால் விதைப்பதற்கு முன்பே மண்ணில் கலந்துவிடுகிற உரம். மேலே சொன்ன அந்த ஒரு பங்கு எருவேதான் தொட்டிக்கு அடியுரம். மேலுரம் என்பது செடி வளர்ந்துகொண்டிருக்கும்போது மேலே போடுகிறது. கீரையை ஒவ்வொரு தரம் கிள்ளிய பிறகும் ஒரு கைப்பிடி மக்கிய எருவோ, வேப்பம் புண்ணாக்குத் தூளோ தூவி லேசாகக் கிளறிவிட்டால் மேலுரம் போட்டாகிவிட்டது. பரணில் போட்ட அந்தப் பாக்கெட்டில் பயமுறுத்திய வார்த்தை இவ்வளவுதான்.

விதையா, நாற்றா, போத்தா?

நேரடி விதைப்பு என்றால் வளரப்போகிற இடத்திலேயே விதைப்பது. கீரைகள், வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாம் இப்படித்தான். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும், அதற்கு மேல் புதைத்தால் முளை மேலே வரத் திணறும். கீரை விதையோ கடுகை விடச் சின்னது. அதை ஊன்ற முடியாது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலில் கலந்து பரவலாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் தொட்டி ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தூவுங்கள். தண்ணீரைக் குடத்தால் சாய்த்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பூவாளியால் தெளிக்க வேண்டும். பூவாளி என்பது வாயில் சல்லடைத் துளை வைத்த தகரப் பாத்திரம். அது இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டுக்கொள்ளுங்கள், அதே வேலை செய்யும்.

நாற்று என்பது ஓரிடத்தில் முளைக்கவைத்து வேறிடத்துக்கு எடுத்து நடுகிற இளஞ்செடி. முளைக்கவைக்கிற இடம் நாற்றங்கால். வயல்காரருக்கு அது ஒரு பாத்தி, உங்களுக்கு அது ஒரு பழைய தட்டு அல்லது தேங்காய்ச் சிரட்டை. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று விட்டுத்தான் நட வேண்டும். தக்காளி நாற்றை 25 நாள் வாக்கில் எடுத்து நடலாம். கத்தரிக்கு ஒரு மாதம் தாண்டும், மிளகாய்க்கு நாற்பது நாள் ஆகும். சாயங்காலம் நடுங்கள். காலையில் நட்டால் வெயிலில் துவண்டுவிடும்.

போத்து என்பது வெட்டி நடுகிற கிளை. பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் போத்திலேயே வரும். கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டாக நாலைந்து எடுத்து, இலையைச் சமையலுக்கு உருவிக்கொண்டு, தண்டை இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்த்து ஊன்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர்க்கும். காசு செலவில்லாத தோட்டம் வேண்டும் என்பவர்கள் இதில் தொடங்கலாம். முருங்கையும் போத்தில் வரும், ஆனால் மரமாகிவிடும். தொட்டிக்கு விதையில் வளர்கிற செடிமுருங்கைதான் நல்லது. பெரிய தொட்டியாக வைத்து, இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் காய்க்காகக் காத்திராமல் இலைக்கே பயன்படும். தொட்டிக்கீரைகளில் ஒன்றுதான் வளர்க்க முடியும் என்றால் முருங்கையைச் சொல்வேன்.

கலைத்துவிடுதல் என்ற வேலையை எந்தத் தாயும் மனசாரச் செய்ததில்லை! நெருக்கமாக முளைத்த செடிகளில் சிலதைப் பிடுங்கி, மற்றதற்கு இடம் விடுவதுதான் அது. முளைத்ததைப் பிடுங்க மனசு வராது. பிடுங்காவிட்டால் எல்லாம் நூல் மாதிரி நீண்டு சாயும். பிடுங்கிய குஞ்சுக்கீரையை வீணாக்க வேண்டாம், அன்றைக்குப் பருப்பில் போட்டுவிடலாம்.

வளரும்போது காதில் விழும் மற்ற சொற்கள்

களை என்பது நீங்கள் போடாமல் தானே முளைத்தது. களைக்கொத்து தேவையில்லை, தொட்டிக்கு விரலே போதும். மண் இறுகினால் பழைய கரண்டிக் காம்பால் கொத்திவிடுங்கள், வேருக்குக் காற்று போகும்.

மூடாக்கு என்பது மண்ணின் மேல் பரப்புகிற காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சக்கை. மாடி வெயிலில் மண் காயாமல் காக்கும். சித்திரை வைகாசியில் மூடாக்கு போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். தண்டை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், தண்டு அழுகும்.

கவாத்து என்பது கிளையை வெட்டிச் செடியைச் சீராக்குவது. கொழுகொம்பு என்பது கொடி பற்றி ஏற ஊன்றுகிற குச்சி. அசுவினி என்பது இளந்தளிரின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும் செடிப்பேன். மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டுக்கும் முதல் வைத்தியம், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது. போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். கடைப் பூச்சிமருந்தை வீட்டுக் கீரைக்கு அடிக்கவே வேண்டாம். பத்து நாளைக்கு ஒரு தரம் கிள்ளுகிற கீரையில் மருந்தின் வீரியம் போக நாள் எங்கே இருக்கிறது?

தொட்டித் தட்டில் என்ன இருக்கிறது?

தரை கறைபடாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைப்போம். வடிந்த தண்ணீர் அதில் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரித் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். பகலில் கடிக்கும். குழந்தை பகலில் தூங்குகிற அறைக்கு வெளியே பால்கனியில் நாலு தொட்டி, நாலு தட்டு இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் பார்க்க வரும்போது தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார்கள், டிரம்மைக் காட்டுவார்கள். செடித் தட்டை யாரும் காட்டுவதில்லை. அது ஞாபகத்திலேயே இருப்பதில்லை. தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, தட்டைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தட்டே இல்லாமல் இரண்டு செங்கல் மேல் தொட்டியை வைத்தால் இந்தக் கவலையே இல்லை. செடிக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்துவைக்கிற வாளிக்கும் மூடி வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, மண்ணைப் பற்றியது. கொக்கிப்புழு மண்ணில் இருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகைக்காகத் தோட்டம் போட்டு, தோட்டத்திலிருந்தே இரத்தசோகையை வாங்கிக்கொள்ளக் கூடாதல்லவா? மலம் கழித்த இடத்து மண்ணைத் தொட்டிக்கு அள்ளாதீர்கள். சாக்கடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். மண் வேலைக்குச் செருப்புப் போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கையைக் கழுவுங்கள். பூனை வந்து அசுத்தம் செய்த தொட்டியில் கர்ப்பிணிகள் கை வைக்க வேண்டாம், வேறு யாரையாவது மண்ணை மாற்றச் சொல்லுங்கள். கொத்துக் கரண்டியோ முள்ளோ குத்தினால் "சின்னக் காயந்தானே" என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், டி.டி. தடுப்பூசி தேவையா என்று அங்கே சொல்வார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கிற நாளன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

எதைப் பறிப்பது, எப்படிச் சமைப்பது?

கீரையில் இரண்டு விதம். வேரோடு பிடுங்குவது ஒன்று, கிள்ளக் கிள்ளத் தழைவது இன்னொன்று. சிறுகீரை, முளைக்கீரை முதல் விதம். மூன்று நாலு வாரத்தில் பிடுங்கிவிட்டால் தொட்டி காலி. அரைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி இரண்டாவது விதம். அரைக்கீரையை ஒரு மாதம் வாக்கில் அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால், பத்து நாளுக்கு ஒரு தரம் மறுபடி வரும். இடம் குறைந்தவர்கள் கிள்ளுகிற கீரையையே போடுங்கள். நாலு தொட்டியையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால் வரிசையாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு வாரம் வீடு நிறையக் கீரை, அடுத்த மூன்று வாரம் ஒன்றுமில்லை.

ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் கீரை என்பது ஊட்டச்சத்துக் கணக்கு. நாலு தொட்டியில் ஒரு குடும்பத்துக்கு அது வராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரும், மற்ற நாளுக்குக் கடையில் வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் கடைக்கீரை இல்லாத அன்றைக்கு "இன்னைக்குக் கீரை இல்லை" என்று விட்டுவிடாமல் இருக்க இந்தத் தொட்டி உதவும்.

கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் கீரையில் இருந்து கிடைக்கிற வைட்டமின் ஏ உடம்பில் சேரும். கண்ணுக்கு அது முக்கியம். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் ஏற்றும். காபியும் டீயும் இதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற வழக்கம் நம் வீடுகளில் நிறைய. ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

கடைசியாக ஒரு சொல்

விதைக்கு விடுதல். தொட்டியில் நன்றாகத் தழைத்த ஒரு செடியைக் கிள்ளாமல் பூக்க விடுவதுதான் அது. அரைக்கீரை கதிர் விட்டுக் காய்ந்து பழுப்பானதும் அறுத்து, வெள்ளைத் துணியில் தட்டினால் கறுப்பு விதை பளபளவென்று கொட்டும். ஊதிச் சுத்தம் செய்து, நிழலில் உலர்த்தி, உலர்ந்த பாட்டிலில் இரண்டு காய்ந்த வேப்பிலையோடு மூடி, மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். முன்னே சொன்ன அந்தப் பெண் பரணிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் போட்டதும் அரைக்கீரைதான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். ஒன்பதாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8. கைக்குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட வந்தபோது ஒரு மருந்துப் பாட்டிலில் விதை கொண்டுவந்து கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்தாள். பரிசோதனைக்கு வருகிறவர்களில் கேட்பவர்களுக்கு ஒரு சிட்டிகை அதிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.